உப்பில்லாக் கஞ்சி

அத்தியாயம் ஐந்து

"இது கஞ்சியா, அரிசி கழுவுன தண்ணியா?"

ஆண்கள் வார்டின் கடைசிக் கட்டிலில் கிடந்த லாரி டிரைவர், ஒரு வாய் குடித்த தம்ளரை நங்கென்று தரையில் வைத்தார். பக்கத்துக் கட்டில்காரரும் வைத்தார். பிறகு வரிசையாக எல்லாத் தம்ளர்களும் தரைக்கு இறங்கின.

"உப்பு இல்லாட்டா என்ன அண்ணாச்சி? ரத்தக் கொதிப்பு வராதுல்லா" என்றாள் வாசலில் நுழைந்த டார்லின்.

"எனக்கு ஒடிஞ்சது காலும்மா. ரத்தம் நல்லாத்தான் இருக்கு."

இந்தப் புகாரைக் கேட்டபடியேதான் அவளுக்குப் பின்னால் குமரகுருபரன் எப்பிராத்தா மிஷன் ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டுக்குள் நுழைந்தார். அவர் வந்தது வேறொரு புகாருக்காக.

குமரகுருபரன் தச்சநல்லூர்க்காரர். பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருந்தார். வருகிற வேலையில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணை. பையன் குடிப்பானா, சொன்ன சம்பளம் உண்மையா, முந்தி ஒரு கல்யாணம் உண்டா என்கிற மாதிரி. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் இருந்த டார்லினை உதவிக்கு வைத்துக்கொண்ட பிறகு அந்த வேலை வேகமாகவும் சத்தமாகவும் நடந்தது. ஆஸ்பத்திரி நிர்வாகி பாக்கியசீலனின் மகளுக்குப் பேசிய மாப்பிள்ளைக்குக் கோயம்புத்தூரில் ஏற்கெனவே ஒரு மனைவி இருப்பதைக் கண்டுபிடித்தவர்கள் இவர்கள்தான். அந்த நம்பிக்கையில்தான் பாக்கியசீலன் இன்று காலை போன் போட்டிருந்தார்.

விஷயம் இதுதான். ஜன்னலோரக் கட்டிலில் கிடக்கும் சுடலைமாடன் கல்லிடைக்குறிச்சிப் பக்கத்தில் வயல் கூலி. யாருடைய பம்ப்செட் மோட்டாரோ காணாமல் போனது. விசாரிக்க வேண்டும் என்று போலீஸ் கூப்பிட்டது. ஸ்டேஷனுக்குள் நடந்து போனவனை மறுநாள் ஜீப்பில் தூக்கிக்கொண்டு வந்து இங்கே போட்டார்கள். மண்டையில் காயம், நினைவில்லை. வலது காலைக் கட்டிலோடு சேர்த்து விலங்கு மாட்டியிருந்தது. நினைவில்லாதவன் ஓடிவிடக் கூடாதே!

"தப்பிச்சு ஓடும்போது ஆத்துப் படித்துறையில வழுக்கி விழுந்துட்டான்" என்றார் நேற்று வந்த இன்ஸ்பெக்டர் ஐயம்பெருமாள். சுடலைமாடனே அப்படிச் சொன்னதாக ஒரு வாக்குமூலமும் எழுதி, கைநாட்டுக்கு இடம் விட்டு, கையோடு கொண்டுவந்திருந்தார்.

வார்டு சிஸ்டர் கிரேஸ் கட்டிலுக்கு முன்னால் நின்றுகொண்டார். "முழிச்சு அவரே சொல்லட்டும், அவரே கை வைக்கட்டும். நினைவில்லாத ஆளோட கையை எடுத்து நீங்க வைக்கக் கூடாது. அந்த விலங்கையும் கழட்டுங்க."

விலங்கு கழலவில்லை. "காலையில வாரேன்" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் போனார். இன்று காலை ஸ்டாம்ப் பேடோடு வந்து பார்த்தால், சுடலைமாடனின் இரண்டு கைகளும் விரல் நுனிவரை மாவுக்கட்டுக்குள் இருந்தன.

யார் போட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. பெரிய டாக்டர் நாகர்கோவிலுக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். ராத்திரிதான் வருவார். அவர் சொல்லாமல் கட்டைப் பிரிக்கவும் ஒருவருக்கும் தைரியமில்லை. உள்ளே எலும்பு எப்படி இருக்கிறதோ, யார் கண்டது? இன்ஸ்பெக்டர் வராந்தாவில் நின்று குதித்தார். மத்தியானத்துக்குள் கட்டுப் போட்ட ஆளின் பேர் வேண்டும். இல்லையென்றால் வார்டு நர்ஸ்கள் அத்தனை பேரையும் ஜீப்பில் ஏற்றுவேன் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

"ஒரு பேரு கிடைச்சா மத்த பிள்ளைகளாவது தப்பிக்கும்" என்றார் பாக்கியசீலன், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே. "பைய விசாரிங்க அண்ணாச்சி. ஆஸ்பத்திரி பேரு கெட்டுறக் கூடாது."

உள்ளே வரும்போதே இருவரும் இன்னொன்றையும் பார்த்திருந்தார்கள். கேட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் சுடலைமாடனின் மனைவி முப்பிடாதி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு தேங்காய் எண்ணெய்ப் பாட்டில், ஒரு சீப்பு. கைதியைச் சொந்தக்காரர்கள் பார்க்கக் கூடாது என்று போலீஸ் உத்தரவு. "தலை காஞ்சு போயிருக்கும்" என்று மட்டும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சுடலைமாடனின் கட்டிலருகே ஒரு ஸ்டூலில் காவலுக்கு இருந்த ஹெட் கான்ஸ்டபிள் எலியேசர் டீ குடித்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது, நல்ல உடம்பு. தம்ளரைச் சுற்றி மூன்று விரல் வளைந்திருக்க, மோதிர விரல் மட்டும் விறைப்பாக வெளியே நீண்டிருந்தது.

"பாருங்க அண்ணாச்சி" என்று டார்லின் காதைக் கடித்தாள். "வெள்ளைக்காரத் துரை கூட இப்படி நாசூக்கா டீ குடிச்சிருக்க மாட்டாரு."

எலியேசருக்குக் கேட்டுவிட்டது. "சடுகுடுல ஒடிஞ்சதும்மா. போலீஸ் டீமுக்கு ஆடும்போது. அப்போயிருந்து மடங்காது."

"ராத்திரி பூரா நீங்கதான இங்கன இருந்தீங்க?" என்று கேட்டார் குமரகுருபரன்.

"இருந்தேன்."

"ரெண்டு கைக்கு மாவுக்கட்டுப் போட்டிருக்காங்க. ஒண்ணும் பாக்கலையா?"

"அசந்துட்டேன்."

"ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டேவா?" என்றாள் டார்லின். "எங்க வீட்டுல மெத்தை போட்டும் எனக்குத் தூக்கம் வரமாட்டேங்கு. அந்த ஸ்டூலை வெலைக்குத் தருவீங்களா?"

எலியேசர் ஸ்டூலைக் குனிந்து பார்த்தார். டீ இறங்கவில்லை. தம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

குமரகுருபரன் குனிந்து கட்டைப் பார்த்தார். நல்ல கட்டு. துணிச் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று சீராக ஏறியிருந்தன. ஆனால் முழங்கைக்குக் கீழே, அடிப்பக்கத்தில், மூன்று குழிகள். விரல் பதிந்த குழிகள்.

டெம்பரேச்சர் பார்க்க வந்த மதுமதி என்ற பயிற்சி நர்சும் அதைப் பார்த்துவிட்டாள். "ஐயையோ, விரல் பதிஞ்சிருக்கே!" என்று வாய்விட்டுச் சொன்னாள். "எங்களுக்கு முதல் வருஷமே இதுக்குத் திட்டு விழும். ஈரக் கட்டை உள்ளங்கையிலதான் தாங்கணும், விரலால பிடிச்சா குழி விழுந்து உள்ள தோல் புண்ணாயிரும். இது எங்க ஆளுக யாரும்..."

சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. தெர்மாமீட்டரை உதறிக்கொண்டே அடுத்த கட்டிலுக்கு ஓடினாள்.

"பாவம் பிள்ளை. பாதி உண்மையைச் சொல்லிட்டு மீதியை வாயில போட்டு மென்னுட்டு" என்றாள் டார்லின். "அடுத்து எங்க?"

"அடுக்களைக்கு."

"கேஸ் மாவுக்கட்டு அண்ணாச்சி. இட்லி மாவு இல்ல."

"கஞ்சியில உப்பில்லன்னு வார்டே கத்துச்சு. நீ கேட்டேல்லா?"

ஆஸ்பத்திரி அடுக்களையில் சமையல்காரி சொர்ணாம்பாள் கரண்டியும் கையுமாக நின்றிருந்தாள். காலையிலிருந்து வந்த ஒவ்வொருவரும் உப்பைப் பற்றித்தான் கேட்டிருக்க வேண்டும். இவர்களைக் கண்டதும் அவளே ஆரம்பித்தாள்.

"நீங்களும் உப்பு கேட்டுத்தான் வந்தீகளோ? நான் என்ன வச்சுக்கிட்டா இல்லங்கேன்? நேத்து ராத்திரி படுக்கப் போகையில சாடியில கல்லுப்பு கிடந்துச்சு. விடிய வந்து அடுப்பைப் பத்த வச்சா சாடி தொடச்சுவிட்ட மாதிரி இருக்கு. கடை திறக்குமுன்ன கஞ்சி ஏத்தணும். ஏத்திட்டேன்."

"வேற எதுவும் காணோமா? பால், சீனி?"

"சீனி டப்பா சாடிக்குப் பக்கத்துலயே இருக்கு. ஒரு மணி குறையல. சீனியை விட்டுட்டு உப்பைத் திருடுத கள்ளனை இப்பத்தான் பாக்கேன்."

குமரகுருபரனின் முகம் மலர்ந்தது. வெளியே வராந்தாவுக்கு வந்ததும் டார்லினை நிறுத்தினார்.

"ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஒரு மாப்பிள்ளை விசாரிக்கப் போனமே, கொலு பொம்மை செய்யுதவர் மகன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. பையனுக்கு மாறுகண். பொம்மைக்கும் மாறுகண்."

"அங்க அச்சுல பிளாஸ்டர் மாவு ஊத்தும்போது தண்ணியில உப்பைக் கரைச்சாங்க. ஏன்னு கேட்டேன். சீக்கிரம் இறுகும்னாங்க. மாவுக்கட்டும் அதே மாவுதான். கட்டு ஈரமா இருந்தா இன்ஸ்பெக்டர் காலையில வந்து கையாலயே பிய்ச்சு எறிஞ்சிருப்பாரு. அவர் வாரதுக்குள்ள கல்லா இறுகணும். அதான் உப்பு."

"அப்போ கட்டுப் போட்டது வேலை தெரிஞ்ச ஆளு."

"சுத்துனது வேலை தெரிஞ்ச ஆளு. ஆனா நினைவில்லாதவன் கை தானா மேல நிக்குமா? ஒருத்தர் சுத்தணும், ஒருத்தர் தூக்கிப் பிடிக்கணும். பிடிச்சது வேலை தெரியாத ஆளு. விரல் பதியப் பிடிச்ச ஆளு. அதுலயும் நாலு விரல் பதியல, மூணுதான்."

டார்லின் தன் கையை ஒரு தம்ளரைப் பிடிப்பது போல வளைத்தாள். மோதிர விரலை மட்டும் நீட்டினாள். மூன்று.

முதல் தடவையாக அன்று அவளுக்குக் கேலி வரவில்லை. "அண்ணாச்சி. அந்த ஏட்டா?"

எலியேசர் குழாயடிக்கு வந்தபோது குமரகுருபரன் பக்கத்தில் போய் நின்றார். அந்த நீண்ட விரலை மட்டும் பார்த்தார். எலியேசர் கையைக் கழுவினார், பிறகும் கழுவினார்.

"எனக்கு இந்த நாலு செவுத்துக்குள்ள என்ன நடந்துச்சுன்னும் தெரியும், ஸ்டேஷன்ல அந்த நாலு செவுத்துக்குள்ள என்ன நடந்துச்சுன்னும் தெரியும் சார்" என்றார் கடைசியில். "சிஸ்டர் பிடிக்கச் சொன்னாவ. பிடிச்சேன்." வார்டுக்குத் திரும்பிப் போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

கிரேஸ் சிஸ்டரை ஊசி மருந்து அலமாரி அருகே பிடித்தார்கள். முதிர்ந்த முகம், கஞ்சி மொடமொடப்புக் கலையாத வெள்ளைச் சேலை. கட்டைப் பற்றிக் கேட்டதும் அவர் ஒளித்துப் பேசவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை.

"யாருன்னு தெரியாத வரைக்கும் டாக்டர் வரட்டும்னு காத்திருப்பாங்க. தெரிஞ்சுட்டா, டாக்டர் சொல்லாம போட்ட கட்டுன்னு இப்பவே வெட்டிருவாங்க. எனக்கு ராத்திரி வரைக்கும் போதும். கூப்பிட்டா கண்ணு இமைக்குள்ள அசையுது. விடியக்காலம் தண்ணின்னு உதட்டைக் கூட்டுனாரு. இன்னும் கொஞ்ச நேரம் அவரை விட்டு வச்சா, அவருக்கு என்ன நடந்துச்சுன்னு அவரே சொல்லிருவாரு. அதுக்கப்புறம் என்னை எங்க வேணாலும் கூட்டிட்டுப் போகட்டும்."

"ரெண்டு கைக்கும் எதுக்கு சிஸ்டர்?" என்றாள் டார்லின்.

"ஆம்பளைகளுக்கு இடது கை பெருவிரல் கேப்பாங்க. அது இல்லன்னா வலதைக் கேப்பாங்க."

"அதும் இல்லன்னா?"

கிரேஸ் ஊசித் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். அதுவரை யோசித்திருக்கவில்லை என்பது பிறகுதான் இவர்களுக்குத் தெரிந்தது.

வராந்தாவின் கோடிவரை நடந்துவிட்டுக் குமரகுருபரன் திரும்பினார். அவருக்கு ஒரு வழி தெரிந்துவிட்டது.

"டார்லின், பேரைச் சொல்லாம இருந்தா இன்ஸ்பெக்டர் எல்லா நர்ஸ்களையும் ஜீப்புல ஏத்துவாரு. கிரேஸ் பேரைச் சொன்னா கட்டை வெட்டுவாரு. ஆனா தூக்கிப் பிடிச்ச ரெண்டாவது கை யாருதுன்னு எல்லார் முன்னாலயும் சொல்லப் போற மாதிரி நான் அவர் கண்ணைப் பாத்தா? கேஸ் போட்டா அவர் ஆளே முதல் குற்றவாளி. ஸ்டேஷன் மானம் போகும். மனுஷன் வாயை மூடிக்கிட்டு ராத்திரி வரைக்கும் காத்திருக்கத்தான் வேணும்."

"அதாவது மாப்பிள்ளை வீட்டுக் குறையை மாப்பிள்ளை வீட்டுக்கே காட்டுதீக."

"அதேதான்."

ஐயம்பெருமாள் கேட்டுக்கு எதிர்க்கடையில் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காலையில் குதித்தவர் இப்போது நிதானமாக முறுக்கு கடித்துக்கொண்டிருந்தார்.

"என்னவே குமரகுருபரன், மாப்பிள்ளை கிடைச்சாச்சா?"

"கிடைச்சாச்சு. பிரார்த்தனை ஹாலுக்கு வாங்க. எல்லார் முன்னாலயும் சொல்லுதேன்."

"பேஷா வாரேன். ஆனா வார்டு நர்ஸ் ஒருத்தி விடாம எல்லாரும் அங்கன இருக்கணும். கிரேஸம்மா முக்கியம். நீரு போய் உக்கார வையும்வே. நான் பின்னாலயே வாரேன்."

திரும்பி நடக்கும்போது டார்லின் சொன்னாள்: "காலையில கத்துன ஆளு இப்போ முறுக்கு தின்னுட்டு சிரிக்காரு. எனக்கு இது பிடிக்கல அண்ணாச்சி."

"பேரு கிடைச்சிருச்சுன்னு சந்தோஷம்" என்றார் குமரகுருபரன்.

கிரேஸ் வர மறுத்தார். "வார்டை விட்டுட்டு எல்லாரும் வரக் கூடாது. ஒரு ஆளாவது நிக்கணும்."

"ஒரு ஆளு குறைஞ்சாலும் இன்ஸ்பெக்டர் உக்கார மாட்டேங்காரு சிஸ்டர். கொஞ்ச நேரம்தான். எலியேசர் இருக்காருல்லா? அவரை நீங்களே நம்புனீங்க. என்னையும் நம்புங்க."

கிரேஸ் சுடலைமாடனின் போர்வையைச் சரிசெய்தார். அவன் உதட்டை ஈரப் பஞ்சால் நனைத்தார். பிறகு வந்தார்.

பிரார்த்தனை ஹாலில் நர்ஸ்கள் பெஞ்சுகளில் நெருக்கி உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் பாக்கியசீலன். அவருக்குப் பக்கத்தில் இன்ஸ்பெக்டருக்காகப் போட்ட நாற்காலி. குமரகுருபரன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆரம்பித்தார். இந்த மாதிரிச் சந்தர்ப்பம் மாப்பிள்ளை விசாரணையில் வாய்க்காது.

"இன்னைக்குக் காலைக் கஞ்சியில உப்பில்ல" என்றார்.

சில நர்ஸ்கள் சிரித்தார்கள். அவர் உப்புச் சாடியைச் சொன்னார், கொலு பொம்மையைச் சொன்னார், ஏன் அவசரம் என்பதைச் சொன்னார். சிரிப்பு நின்றது. மதுமதி அழத் தொடங்கினாள். பாக்கியசீலன் முன்னால் சாய்ந்தார். குமரகுருபரன் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துக்கொண்டே போனார். ரெண்டாவது கையைப் பற்றிய பேச்சை மட்டும் இன்ஸ்பெக்டருக்காக வைத்திருந்தார். பேசப் பேச அவர் பார்வை அந்த நாற்காலிக்குப் போய்ப் போய்த் திரும்பியது.

நாற்காலி காலியாகவே இருந்தது.

"சுத்துனது நான்தான்" என்று கிரேஸ் எழுந்துவிட்டார். "இவங்க யாருக்கும் தெரியாது. போதுமா? நான் வார்டுக்குப் போகணும்."

"இருங்க சிஸ்டர். இன்ஸ்பெக்டர் வந்துரட்டும்..."

"அண்ணாச்சி" என்றாள் டார்லின். "அவர் வரமாட்டாரு. அவருக்கு நாம சொல்லப் போறது வேண்டாம். நாம எல்லாரும் இங்க இருக்கதுதான் வேணும்."

கிரேஸ் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தார்.

ஜன்னலோரக் கட்டிலைச் சுற்றிப் பச்சைத் துணி மறைப்பு இழுத்துவிடப்பட்டிருந்தது. நோயாளிகளுக்குக் கட்டு மாற்றும்போது நர்ஸ்கள் வைக்கும் மறைப்பு. கஞ்சிக்குக் கத்திய லாரி டிரைவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார்.

கிரேஸ் மறைப்பைத் தள்ளினார்.

ஐயம்பெருமாள் ஒரு காகிதத்தை முகத்துக்கு நேரே பிடித்து ஈரம் காய ஊதிக்கொண்டிருந்தார். ஸ்டாம்ப் பேடு கட்டிலின்மேல் திறந்து கிடந்தது. சுடலைமாடனின் கைகள் இரண்டும் வெள்ளையாக, யாரும் தொடாமல், மார்பின்மேல் இருந்தன. போர்வை கால்பக்கம் சுருட்டப்பட்டிருந்தது. இடது கால் பெருவிரல் கருநீலமாக இருந்தது.

கட்டிலின் கால்மாட்டில் எலியேசர் நின்றார். அவர் விரல்களிலும் மசி, மடங்காத அந்த ஒரு விரலைத் தவிர.

"கை இல்லன்னா என்னவே" என்றார் இன்ஸ்பெக்டர், குமரகுருபரனைப் பார்த்து. "ஆண்டவன் மனுஷனுக்குக் காலும் குடுத்திருக்காம்லா."

"இது செல்லாது" என்றார் குமரகுருபரன்.

"ரெண்டு கையும் கட்டுல இருக்குதவனுக்குக் கால் விரல்தான் செல்லும். கட்டுல இருக்குன்னு இந்த ஆஸ்பத்திரியே எழுதித் தரும். என்ன பாக்கியசீலன் சார்?"

பின்னாலேயே மூச்சு வாங்க வந்து நின்ற பாக்கியசீலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"காலையில கட்டைப் பாத்து எனக்குக் கோவம் வந்தது வாஸ்தவம்" என்று இன்ஸ்பெக்டர் காகிதத்தை மடித்தார். "டீக்கடையில உக்காந்து யோசிச்சப்பத்தான் தெரிஞ்சது, சிஸ்டரம்மா எனக்கு எவ்வளவு பெரிய உபகாரம் செஞ்சிருக்காவன்னு. படித்துறையில வழுக்கி விழுதவன் என்ன செய்வான்? ரெண்டு கையையும் ஊணுவான். ஊணுனா ரெண்டு மணிக்கட்டும் போயிரும். நான் எழுதுனதை நம்பாத கோர்ட்டுகூட மிஷன் ஆஸ்பத்திரி மாவுக்கட்டை நம்புமே!"

கிரேஸ் கட்டிலுக்கும் அவருக்கும் நடுவே வந்து நின்றார். "அவர் கை முறியல. அது பொய்க் கட்டு. நான் போட்டது. நான் எங்க வேணாலும் வந்து சொல்லுவேன்."

"சொல்லுங்கம்மா. முறியாத கைக்கு எதுக்குக் கட்டுன்னு அடுத்து கேப்பாங்க. போலீஸ் வேலையைத் தடுக்கன்னு சொல்லணும். உங்களோட கூட இருந்தது யாருன்னு கேப்பாங்க. அதையும் சொல்லணும்." அவர் எலியேசர் பக்கம் திரும்பவே இல்லை. "அந்த மூணு விரலைப் பாத்ததும் எனக்குத் தெரியாதுன்னா நினைக்கீரு குமரகுருபரன்? சடுகுடுல இவன் கையைப் பிடிச்சு இழுத்து ஒடிச்சவனே நான்தான்வே. ஒரே டீமு. பயிற்சி ஆட்டம்."

குமரகுருபரன் கையில் வைத்திருந்த ஒரே துருப்பு அதுதான்.

"எலியேசர் நல்லவன். சுடலைமாடன் நினைவோடதான் சொன்னான்னு சாட்சிக் கையெழுத்து போட்டுட்டான். லே எலியேசர், விலங்கை அவுத்துருலே. இனி இவன் கைதி இல்ல. வழுக்கி விழுந்த நோயாளி. சிஸ்டரம்மா முந்தியே கேட்டாவ."

எலியேசர் குனிந்து சாவியைப் போட்டார். சங்கிலி கழன்று கட்டில் கம்பியில் உரசி விழுந்தது. நிமிரும்போது அவர் கண் கிரேஸைப் பார்க்க முயன்றது; முடியவில்லை.

"ஐயா பிடிக்கச் சொன்னாவ" என்றார். "பிடிச்சேன்."

இருவரும் போனார்கள். ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது.

"ரெண்டு மணிக்கட்டும் முறிவுன்னு ஒரு வரிதான்" என்றார் பாக்கியசீலன், யாரையும் பார்க்காமல். "எழுதிக் குடுத்துட்டா உனக்கும் வம்பில்ல, அந்த ஏட்டுக்கும் வம்பில்ல. டாக்டர்ட்ட நான் பேசிக்கிடுதேன் கிரேஸ்." பதிலுக்குக் காத்திருக்காமல் அவர் தன் அறைக்குப் போனார்.

குமரகுருபரன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சிஸ்டர், நான் கலெக்டர்ட்ட போறேன். மனு எழுதுதேன். எல்லாத்தையும் எழுதுதேன்."

"எதை வச்சு?" என்று கேட்டார் கிரேஸ். கோபமே இல்லாமல்தான் கேட்டார். அது குமரகுருபரனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

டார்லின் கால்பக்கம் சுருண்டு கிடந்த போர்வையை எடுத்து மடித்தாள்.

கிரேஸின் கை பழக்கத்தில் தட்டிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சை எடுத்தது, ஸ்பிரிட்டில் நனைத்தது, அந்தப் பெருவிரலுக்கு அருகே போனது. அங்கேயே நின்றது. அழுக்கோடு ஒரு நோயாளியை விட்டு அவருக்குப் பழக்கமில்லை. பஞ்சைக் கூடையில் போட்டார்.

"மதுமதி, இந்தக் காலை யாரும் துடைக்கக் கூடாது. டாக்டர் வந்து பாக்கட்டும். அவராவது தன் கண்ணால பாக்கட்டும், நினைவில்லாதவன் கால்ல மசி எப்படி வந்துச்சுன்னு."

"சரி சிஸ்டர்."

ஆதாரம் என்று இருந்தது அது ஒன்றுதான். குமரகுருபரனும் டார்லினும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் வார்டு வாசலில் முப்பிடாதி வந்து நின்றாள். காவல் எடுத்துவிட்டதால் வாட்ச்மேன் உள்ளே விட்டிருந்தார். எண்ணெய்ப் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஜன்னலோரம் வந்ததும் நின்றாள். அழவில்லை. புருஷனின் தலைக்குக் கையை நீட்டினாள். தலை முழுக்கத் துணிக் கட்டு. கைகளைத் தொடப் பார்த்தாள். கல்லாக இருந்தன.

"எங்கன தேய்க்க?" என்று அவள் யாரையும் பார்க்காமல் கேட்டாள். "தலைக்குன்னு கொண்டாந்தேன்."

அவள் கண் கீழே இறங்கி இறங்கிக் காலுக்கு வந்தது.

"இதென்ன, காலெல்லாம் மசியா கெடக்கு?" என்று கட்டிலோரம் உட்கார்ந்து அந்தப் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பாட்டிலைக் கவிழ்த்து உள்ளங்கை நிறைய எண்ணெய் ஊற்றினாள்.

"அக்கா, அதை..." என்று டார்லின் ஓரடி முன்னால் வைத்தாள்.

கிரேஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "விடுங்க."

"சிஸ்டர், நம்ம கையில அது ஒண்ணுதான் மிச்சம்."

"தெரியும்" என்றார் கிரேஸ். "ஆனா அவரைக் கேக்காமத் தொட இவளுக்கு மட்டும்தான் உரிமை இருக்கு. இவகிட்ட போய் நான் தொடாதேன்னு சொல்லட்டுமா?"

முப்பிடாதி சேலைத் தலைப்பை விரலில் சுற்றி, எண்ணெய் விட்டு, நகக்கண்வரை பையப் பைய உருவினாள். மசி இளகித் தலைப்பில் ஏறியது. இன்னொரு முனையைச் சுற்றி மறுபடியும் உருவினாள்.

கொஞ்ச நேரத்தில் சுடலைமாடனின் கால் சுத்தமாகிவிட்டது.